எட்டடி வாசல்

கிரெய்கிபர்ன், 2012 ஜூலை. உலகின் இந்தத் தெற்கு மூலையில் இது குளிர்காலம்; மதியம் மூன்று மணிக்கே வெயில் செத்துவிட்டது. நேசன் அண்ணையின் புது வீட்டில் இன்னும் பெயின்ட் வாசனை. வாசல் எட்டடி உயரம். ஆனாலும் அவர் குனிந்துதான் நுழைகிறார். அவரைப் பார்த்து நானும் குனிகிறேன்.

"ஏன்ணா குனியிறீங்க?"

"ஊரிலை எங்கட வளவு வீட்டு வாசல் உயரம் குறைவு. சுண்ணாம்புக் கல்லாலை கட்டினது. சுத்தியிருந்த காணியெல்லாம் எங்கட. குத்தகைக்காரர் ஆர் வந்தாலும் தலை குனிஞ்சு வரவேணும் எண்டுதான் பூட்டன் அப்பிடிக் கட்டினவர்."

"அந்த வீடு இப்ப?"

"சண்டையிலை அழிஞ்சு போச்சு. ஒரு கல்லும் இல்லை."

பழக்கதோஷம் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்போது ஹீட்டர் பொருத்த ஒரு வெள்ளைக்காரர் வருகிறார். யாரும் சொல்லாமலே அவரும் குனிந்து நுழைகிறார்.

என் அப்பா தஞ்சாவூரில் குத்தகைக்காரர். பண்ணை வீட்டு வாசலில் குனிந்தே முதுகு வளைந்தவர். நான் விடைபெறும்போது, "குனிஞ்சு போங்கோ" என்கிறார் அண்ணை. வேண்டுமென்றே நிமிர்ந்து நடக்கிறேன்.

நெற்றியில் நங்கென்று இடிக்கிறது. தடவிப் பார்த்தால், விரலில் சுண்ணாம்புத் தூள்.