கதவுக்கடியில் ஒரு கை

என் அக்கா பொய்யே சொல்லமாட்டாள் என்று நான் சத்தியம் செய்யப்போவதில்லை. சொல்லுவாள். மாமியாருக்குச் சர்க்கரை ஏறிவிட்டது என்று இல்லாத கணக்கைச் சொல்லி இனிப்பு டப்பாவை ஒளித்து வைப்பவள்தான் அவள். ஆனால் இந்த விஷயத்தில் அவள் ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை. அன்றைக்கு அதே படகில் நானும் இருந்தேன். அவள் கையில் எதைக் கொண்டுவந்தாள் என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். காவல் நிலையத்தில் அவள் எழுதிக் கொடுத்ததன் நகல் வீட்டு அலமாரியில் இருக்கிறது. கீழே வரும் நேரங்கள் எல்லாம் அதில் இருப்பவை.

முதலில் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவில் நர்ஸ். இருபத்தொரு வருடம். சர்க்கரை நோயில் அழுகிய கால்கள், புழு வைத்த புண்கள், படுக்கையிலேயே கிடந்து முதுகு வெந்துபோனவர்கள்... எல்லாவற்றையும் கழுவித் துடைத்துக் கட்டிவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நேராகப் போய்ச் சோற்று டப்பாவைத் திறப்பாள். "உங்க அக்காவுக்கு அருவருப்புன்னு ஒரு நரம்பு இருக்கே, அதை வைக்க மறந்துட்டுதான் ஆளைப் படைச்சிருக்காங்க" என்பார் மாமா. மாமா என்றால் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக்.

அது வருடக் கடைசி விடுமுறை. துறைமுகத்தைச் சுற்றிக் காட்டும் உல்லாசப் படகில் போகலாம் என்று மாமாதான் கிளப்பினார். அக்கா, மாமா, நான், மாமாவின் அம்மா. அவரை நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எழுபத்திரண்டு வயது. அதுவரை படகில் ஏறியதில்லை.

இரண்டு தளம் வைத்த படகு. நுனியிலிருந்து நுனிவரை வண்ண விளக்குகள். ஏறும்போதே ஆளுக்கொரு காகிதத் தொப்பி கொடுத்தார்கள். பாட்டு, பலூன், குழந்தைகளின் கூச்சல். சாயங்காலம் 5:34க்குப் படகு கிளம்பியது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள் என்று கிரேன்களையும் பழைய கிடங்குகளையும் காட்டிக்கொண்டே வந்தது.

6:05க்கு அத்தையின் முகம் வெளுத்தது.

"எனக்கு வயித்தைப் பொரட்டுது."

"ஒண்ணுக்கு ரெண்டா ஐஸ்கிரீம் சாப்பிட்டா பொரட்டாம என்ன செய்யும்?" என்றாள் அக்கா.

"ரெண்டாவது உன் புருஷன் வாங்கிக் குடுத்தான். அவனைக் கேளு."

"வாங்க, கீழ போலாம். இங்கேயே வாந்தி எடுத்து வைக்காதீங்க."

பெண்கள் கழிவறை கீழ்த்தளத்தின் பின்கோடியில், எஞ்சின் அறையை ஒட்டி இருந்தது. ஒரு கைகழுவும் தொட்டி, ஒரு கண்ணாடி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதவுகள். தரை எஞ்சினோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. பாட்டுச் சத்தம் அங்கே பாதியாகத்தான் வந்தது. அத்தை முதல் கதவைத் திறந்துகொண்டு போனார். அக்கா தொட்டியருகே நின்றாள்.

அப்போதுதான் இரண்டாவது கதவுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது.

யாரோ வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீரைக் கவிழ்ப்பது மாதிரி. நின்றது. மறுபடி கவிழ்ந்தது. அத்தை தன் வேலையை முடித்து, வாயைக் கொப்பளித்து வெளியே வரும்வரை அது ஓயவில்லை.

"யாரு பெத்த பொண்ணோ, குடலையே கக்குறா" என்றார் அத்தை.

"நீங்க வெளிய பெஞ்சுல காத்தாட உக்காருங்க. நான் என்னன்னு பாத்துட்டு வரேன்."

அத்தை போய்விட்டார். மணி 6:17. சுவரில் கடிகாரம் இருந்தது.

நர்ஸுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் எண்ணுவார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். வாந்தி எடுப்பவர்கள் நடுநடுவே மூச்சை இழுத்துத்தானே ஆகவேண்டும்? அந்த இழுப்பு கேட்கவே இல்லை. இருபது நொடி. நாற்பது. ஒரு நிமிடம் ஆயிற்று... கொட்டிக்கொண்டே இருந்தது. மூச்சு மட்டும் இல்லை.

நாற்றமும் சரியில்லை. வாந்தியின் புளித்த நாற்றம் அக்காவுக்குப் பழகிப்போனது. இது அது இல்லை. பூ ஜாடித் தண்ணீரைப் பத்து நாள் மாற்றாமல் விட்டால் தண்டு அழுகி ஒரு நாற்றம் வருமே, அது. அதோடு டீசல்.

கதவில் தட்டினாள்.

"ஏம்மா, ரொம்ப முடியலையா? நான் நர்ஸுதான். தாப்பாளைத் திற."

சட்டென்று நின்றது.

அக்கா தாழ்ப்பாளைப் பார்த்தாள். உள்ளிருந்து பூட்டினால் வெளியே சிவப்பு தெரியும். பக்கத்துக் கதவில் அத்தை இருந்தபோது அப்படித்தான் தெரிந்தது.

இதில் பச்சை.

கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. பழுப்பு நிறம். மேலே எண்ணெய் மினுமினுத்தது. நீளமாக நாலைந்து தலைமுடி. அக்காவின் செருப்பைத் தொட்டது. ஐஸ் மாதிரிச் சில்லிட்டது.

உள்ளேயிருந்து ஒரு குரல். இளம்பெண்ணின் குரல். சளி பிடித்த மாதிரி அடைத்திருந்தது.

"அக்கா... டிஷ்யூ இருக்கா?"

அக்காவுக்கு மனசு இளகிவிட்டது. "இரும்மா" என்று கைப்பையிலிருந்து நாலைந்து தாளை உருவிக் குனிந்தாள்.

கதவுக்கடியில் ஒரு கை நீண்டது.

வலது கை. உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. வெள்ளை வெளேரென்று, ஊறி, சுருங்கி... ஒவ்வொரு சுருக்கத்திலும் கறுப்பாகச் சேறு.

அப்படிப்பட்ட கைகளை அக்கா இதற்கு முன்பு பார்த்திருக்கிறாள். இரண்டு முறை. இரண்டு முறையும் பிணவறையில்.

அது புத்தியில் உறைப்பதற்குள் தாளை நீட்டிவிட்டாள்.

விரல்கள் மூடின. தாளோடு சேர்த்து அக்காவின் விரல்களையும்.

"விடும்மா."

விடவில்லை.

"விடு!"

இழுத்தாள். அந்தப் பக்கமும் இழுத்தது. தலைக்கு மேலே ஒலிபெருக்கியில் அந்தப் பெண் குரல், வலது பக்கம் கலங்கரை விளக்கத்தைப் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னது. அக்கா காலைக் கதவு நிலையில் ஊன்றி, முழு பலத்தோடு...

சளக்.

வந்துவிட்டது.

கதவு தானாக உள்பக்கம் திறந்தது.

யாரும் இல்லை.

தரை காய்ந்து கிடந்தது. பீங்கான் துடைத்துவைத்த மாதிரிப் பளபளத்தது. முடி இல்லை. தண்ணீர் இல்லை.

கையில் மட்டும்... இருந்தது.

6:22.

அக்கா மாடிப்படி ஏறி வந்தபோது நானும் மாமாவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வலது கையை இறுக மூடி நெஞ்சோடு வைத்திருந்தாள். மணிக்கட்டு வழியாகப் பழுப்பாக ஏதோ வழிந்தது.

"கைல என்ன?" என்றார் மாமா.

அக்கா கையை விரித்துக் காட்டினாள்.

நனைந்த தாள்களுக்கு நடுவே ஒரு கையின் தோல். ஈரமான ரப்பர் கையுறையைக் கழற்றிப் போட்டால் எப்படிச் சுருண்டு கிடக்கும்? அப்படி. ஐந்து விரல். ஐந்திலும் நகம்.

நான் என் காகிதத் தொப்பியைக் கழற்றி அதிலேயே வாந்தி எடுத்தேன். சொல்ல வெட்கமில்லை. மாமா கம்பியோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

அக்கா மட்டும் நின்றாள். படகில் கொடுக்கும் வாந்திக் கவர் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதைத் தாளோடு உள்ளே போட்டு முடிச்சுப் போட்டாள். வேலைப் பழக்கம். அதற்குப் பிறகு கையைக் கழுவ ஆரம்பித்தாள். படகு கரைக்கு வரும்வரை கழுவினாள். வீட்டுக்கு வந்தும் கழுவினாள். "இன்னும் வழுவழுன்னே இருக்கு" என்றாள். ஒரு வாரம் சாப்பாட்டைக் கரண்டியால்தான் அள்ளிச் சாப்பிட்டாள். இடது கையால். அத்தைதான் பக்கத்தில் உட்கார்ந்து, "ரெண்டு வாய் சாப்பிடும்மா, நானுந்தானே கேட்டேன் அந்தச் சத்தத்தை" என்று கெஞ்சுவார்.

படகில் ஏறியவர்கள் நூற்று நாற்பத்தெட்டு பேர். இறங்கியவர்களும் நூற்று நாற்பத்தெட்டு. ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. துறைமுகத்தில் காணாமல் போனவர் என்று ஒரு புகாரும் இல்லை.

கவரைக் காவல் நிலையத்தில் கொடுத்தோம். அது அங்கிருந்து அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனைக்கே வந்தது. பிரேதப் பரிசோதனை செய்யும் டாக்டர் அக்காவுக்குப் பதினைந்து வருடப் பழக்கம். அவர் அதை அலசி, தன் கையுறைக்கு மேல் விரல்களில் மாட்டிக்கொண்டு, மையில் உருட்டி ரேகை எடுத்தாராம். "தண்ணில ஒரு வாரமாவது ஊறியிருக்கணும்" என்றாராம்.

பதினோராவது நாள் இன்ஸ்பெக்டர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். நான்தான் வண்டியில் கூட்டிக்கொண்டு போனேன்.

ரேகை ஒரு பெண்ணுடையதோடு பொருந்தியிருந்தது. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். வேலைக்குச் சேர்ந்தபோது ரேகை கொடுத்திருக்கிறாள்.

அவள் இன்ஸ்பெக்டர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

முப்பது வயது இருக்கும். கலகலப்பான ஆள். இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்தாள். "எண்ணிக்குங்க சார், பத்து விரலும் இருக்கு. நகத்துல அழுக்குன்னு வேணா கேஸ் போடுங்க. மூணரைக்கு பெல் அடிச்சிடும், நான் வண்டி எடுக்கணும்."

இன்ஸ்பெக்டர் அக்காவை முறைத்தார். எங்கேயோ தவறு நடந்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு எங்கள் மூவரையும் அனுப்பிவிட்டார்.

வாசலில் அவள் மூக்கை உறிஞ்சினாள். நல்ல ஜலதோஷம். அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, டிஷ்யூ இருக்கா?"

அதே குரல். அதே அடைப்பு.

அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தாள். கைப்பையில் தாள் இருந்தது. ஆனால் எடுத்துக் கொடுக்க அவளால் முடியவில்லை. அந்தக் கையை, நல்ல, சூடான, உயிருள்ள கையைத் தொட்டுவிடுவோமோ என்று அவளுக்குக் குமட்டியது. "இல்லம்மா" என்றாள். அந்தப் பெண் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ கொஞ்ச நாளைக்குத் தண்ணி பக்கம் போகாதம்மா" என்றாள் அக்கா.

"எனக்கு நீச்சலே தெரியாதுக்கா. துறைமுகம் எந்தப் பக்கம் இருக்குன்னுகூடத் தெரியாது. ஆமா, என்னதான் நடந்துச்சு? உள்ள யாரும் வாயைத் தொறக்கல."

"ஒண்ணுமில்ல. விடு."

"பாதில விட்டா எனக்குத் தூக்கம் வராதுக்கா. என் ரேகைலதானே விஷயமே இருக்கு. சொல்லுங்க."

அக்கா சொன்னாள். பயந்தாவது ஜாக்கிரதையாக இருப்பாளே என்று எதையும் விடாமல் சொன்னாள். படகு, கீழ்த்தளம், இரண்டாவது கதவு, நாற்றம், கை. அவள் கண் கொட்டாமல் கேட்டாள். முடிந்ததும், "சீ, உவ்வே" என்று உடம்பைச் சிலிர்த்துக்கொண்டாள். பிறகு சிரித்தாள். வேனுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

அதற்குப் பதினேழாம் நாள், துறைமுகத்தில் படகு கட்டும் தூணுக்கடியில் ஒரு பெண்ணின் உடல் சிக்கியிருந்தது. ஒரு வாரம் தண்ணீரில் கிடந்த உடல். வலது கையில் மணிக்கட்டுக்குக் கீழே தோல் இல்லை.

மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். டாக்டர் குளிர்பெட்டியைத் திறந்து, பாட்டிலில் போட்டு வைத்திருந்ததை எடுத்து வந்து அந்த மணிக்கட்டின் பக்கத்தில் வைத்தார். கிழிந்த ஓரம் கிழிந்த ஓரத்தோடு பொருந்தியது. ஒரு நூல்கூட விலகவில்லை. அக்கா அப்போது அறையில் இருந்தாள். டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அறிக்கையில், கைத்தோலை மீன்கள் தின்றிருக்கலாம் என்று எழுதினார்.

அக்கா கட்டுப் போடும் பிரிவிலிருந்து மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்போது மருந்துச் சீட்டுப் பதிகிற இடத்தில் உட்காருகிறாள். எந்த நோயாளியையும் தொடுவதில்லை.

எங்களுக்குப் புரியாதது ஒன்றுதான். துறைமுகம் எந்தப் பக்கம் என்றே தெரியாத பெண் அங்கே எதற்குப் போனாள்? அக்காவால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கும் ஆயாவைப் பிடித்துக் கேட்டாள்.

"ஒரு நர்ஸம்மா சொன்னாங்களாம், ஏதோ படகு, அதுல கீழ ரெண்டாவது கதவுன்னு" என்றார் ஆயா. "ஸ்டேஷன்லேர்ந்து வந்த நாள்லேர்ந்து அதே பேச்சுதான். தூக்கமே இல்ல அவளுக்கு. அந்தக் கதவைத் தொறந்து ஒரு தடவை நேர்ல பாத்துட்டா பயம் போயிடும்னா. நான் வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல. டிக்கெட் வாங்கிட்டுப் போனா."