கருப்பட்டிப் பானையில் எறும்பு இல்லை

எங்கய்யா செத்தது காலில் குத்திய முள்ளால் என்றுதான் ஊரில் சொன்னார்கள். சுருளிப்பட்டியில் முள் குத்தாத கால் யாருக்கு இருக்கிறது? எல்லோருக்கும் ஆறும், அய்யாவுக்கு ஆறவில்லை. கம்பத்து டாக்டர் அவருடைய சிறுநீரை நீல மருந்தில் சொட்டு விட்டுக் காய்ச்சிக் காட்டினார். செங்கல்லைக் கரைத்த மாதிரி ஆகிவிட்டது. நீரில் சர்க்கரை போகிறது, புண் ஆறாது என்றார். அந்த வருஷ நெல் அறுப்பு முடிவதற்குள் அய்யா போய்விட்டார்.

அவர் படுக்கையில் விழுவதற்கு முன்னால் கொல்லையில் அவர் ஒதுங்கின இடத்தில் எறும்பு மொய்க்கும். நாங்கள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சித்திரையில் ஒரு காலை, அம்மா ஒதுங்கிவிட்டு வந்த இடத்திலும் அதே மாதிரி எறும்பைப் பார்த்தேன். கூடப் பிறந்தவர்கள் யாரும் எனக்குக் கிடையாது. அம்மாவும் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்குச் சோறு ஆக்குவேன்?

பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, அப்போதுதான் ஜெயிலிலிருந்து வந்திருந்தான். கதர் கட்டி மறியல் செய்ததற்காகப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போகும்போது ஒல்லியாகப் போனவன், வரும்போது ஆசனம் பழகி, மாட்டுக் கொட்டத்தில் தலைகீழாக நிற்கிற ஆளாக வந்தான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஜெயிலில் கூட இருந்த ஒருவருக்கு இதே சர்க்கரை வியாதியாம். இனிப்பை விட்டுவிட்டு, தினமும் காலையில் ஆசனம் போட்டே மனிதர் தெம்பாக நடமாடினாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மாவுக்கும் சொல்லிக் கொடு என்று அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்னம்மா முன்னால நான் எப்படிக் காலைத் தூக்குறது? நான் செய்றதை நீ பாத்துக்க, போயி கதவைச் சாத்திட்டுச் சொல்லிக்குடு" என்றான்.

அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை.

"தாலி அறுத்தவ வித்தை காட்டுறாளாம்னு பேசுவாளுக. எனக்கு எதுக்குடி?"

எனக்கு அம்மா வேண்டும் என்று அழுதேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் காலை அவளாகவே கதவைச் சாத்தினாள். நடவுக்குப் போகும்போது கட்டுகிற மாதிரி சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டாள்.

முட்டி மடக்காமல் குனிந்து தரையைத் தொட வேண்டும் என்று குனிந்து காட்டினேன். என் விரல் கணுக்காலோடு நின்றுவிட்டது. அம்மா பக்கத்தில் நின்று உள்ளங்கை இரண்டையும் தரையில் பதித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதாடி ஆசனம்? காலமெல்லாம் குனிஞ்சு நாத்து நட்டவளுக்கு வந்து குனியச் சொல்லிக்குடுக்கிற."

அடுத்தது பாம்பு மாதிரி. குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கி மேலே பார்க்க வேண்டும். அதில்தான் அம்மா மாட்டிக்கொண்டாள். முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் வளைகிற முதுகு, பின்னால் ஒரு விரற்கடை வளையவில்லை. எதிரே நெல் கொட்டி வைக்கிற ஆள் உயர மண் குலுக்கை நின்றது. அதன் அடிப்பாகம் மட்டும்தான் தெரிகிறது என்றாள்.

"எந்த வயக்காட்டுலடி வானத்தைப் பாத்துக்கிட்டு வேலை செய்றாக?"

சிரித்துச் சிரித்து இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். அய்யா போன பிறகு எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது. வெளியே கேட்டிருக்குமோ என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டோம்.

அதற்கப்புறம் ஒரு காலையும் விடவில்லை. அரிசிச் சோற்றைக் குறைத்து கேப்பைக் களியும் கீரையும் தின்றாள். கருப்பட்டிக் காப்பியை விட்டது மட்டும்தான் அவளுக்குப் பெரிய கஷ்டம். நான் காலையில் எழுந்ததும் கொல்லைக்கு ஓடுவேன். எறும்பு இருக்கும். மறுநாளும் ஓடுவேன்.

ஆனியில் மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. ஒரு நாள் போய்ப் பார்த்தால் ஒரு எறும்பு இல்லை. மறுநாளும் இல்லை. நனைந்துகொண்டே தெருவில் ஓடினேன். பெரியம்மாவிடம் சொன்னேன், கிணற்றடியில் சொன்னேன், யாரென்றே தெரியாத வண்டிக்காரரிடம்கூடச் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் அம்மா முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப இன்னைக்கு ஒரு வாய் காப்பி குடிக்கலாம்ல?"

கருப்பட்டி எடுக்கப் போனேன். அந்தப் பானையில் எப்போது கை விட்டாலும் எறும்பைத் தட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அன்றைக்குக் கை சுத்தமாக வெளியே வந்தது. பானைக்குள் எட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னடி?"

"பானையிலயும் எறும்பு இல்லம்மா."

அம்மாவும் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். வெளியே சாரலைப் பார்த்தாள்.

"அதுகளும் மழைக்கு ஒதுங்கத்தான செய்யும்" என்றாள். காப்பிக்கு எடுத்து வைத்த லோட்டாவைக் கவிழ்த்துவிட்டு, "கெளம்பு, கம்பத்துக்குப் போயி அந்த டாக்டரையே பாத்துருவம்" என்றாள். அய்யா செத்த பிறகு அந்த டாக்டர் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னவள் அவள்.

டாக்டர் அதே கண்ணாடிக் குழாயை எடுத்தார். அதே நீல மருந்து. விளக்கில் காட்டும்போது எனக்கு அய்யாவின் செங்கல் நிறம்தான் கண்ணுக்குள் நின்றது. அம்மா என் கையை நெரித்தாள். நீலம் கலங்கியது. பச்சையானது. சிவக்கப் போகிறது, இதோ சிவக்கப் போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவக்கவில்லை. பச்சையிலேயே நின்றுவிட்டது.

"நாத்துப் பச்சை" என்றாள் அம்மா, குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

என்ன சாப்பிடுகிறாள், என்ன செய்கிறாள் என்று டாக்டர் கேட்டார். ஜெயில் அண்ணன், குலுக்கை, பாம்பு, களி என்று எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார். சர்க்கரை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, ஆனால் அடங்கித்தான் இருக்கிறது என்றார். வயலுக்குப் போகும் வழியில் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது, சின்ன முள் குத்தினாலும் உடனே வர வேண்டும் என்றார்.

"செய்றதை மட்டும் விட்டுராதீக."

மறுநாள் நான் கண் விழிக்கும்போதே கதவு சாத்தியிருந்தது. அம்மா குப்புறப் படுத்து, கையை ஊன்றி, நெஞ்சைத் தூக்கியிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏ புள்ள, குலுக்கையோட மூடி தெரியுதுடி" என்றாள்.