ஜமால் பாயும் என் மரத்துப்போன விரல்களும்

சென்ற வெள்ளிக்கிழமை காலை மலையேறி வந்த முதல் பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டி, "ஏனுங்க, ஆஸ்பத்திரியில ரத்தம் எடுப்பாரே ஜமால் பாய், நேத்து தவறிட்டாருங்க" என்றார். நின்றது நின்றபடி நின்றேன். அவரிடம் ஊசி குத்திக்கொண்ட நீங்கள் எல்லோரும் அப்படித்தான் நின்றிருப்பீர்கள்.

இரண்டாயிரமாவது ஆண்டில் எனக்குப் புற்றுநோய். கீமோ மருந்து ஏற்றினார்கள். எங்கள் மலையிலுள்ள திருப்புலி நாட்டில் மிளகு பறிக்க என்னைப்போல் மரம் ஏறுகிறவன் கிடையாது. உச்சிக் கிளையில் நான் நின்றால் சேலத்துக்காரர்களுக்கே என் துண்டு தெரியும். அப்பேர்ப்பட்டவனுக்கு மூன்றாவது முறை மருந்து ஏற்றிய பிறகு விரல்கள் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போட வரவில்லை. சொன்னால் மரம் ஏற விடமாட்டார்கள் என்று மறைத்துவிட்டேன்.

பாய் ஒவ்வொரு முறையும் ஒரு குழாய் இரத்தம் கூடுதலாக எடுப்பார்.

"இது எதுக்குங்க பாய்?"

"மருந்து நரம்பைக் கெடுத்தா, அதோட அடையாளம் ரத்தத்துல தெரியுமான்னு டாக்டருங்க தேடறாங்க."

"என் ரத்தத்துல தேடினா மலைத்தேன்தான் கெடைக்கும்."

"கெடைச்சா எனக்கும் ஒரு பாட்டில் குடுங்க, மலைராசா."

ஒருநாள் என் கண்ணைத் துண்டால் கட்டினார். "விரல் நுனியில இருக்கறது மிளகா, கடுகா? சொல்லுங்க." காரம் மூக்கில் ஏறியது. எனக்கா தெரியாது? "மிளகு! அதுவும் எங்க காட்டு மிளகு!" என்று முழங்கினேன்.

துண்டை அவிழ்த்தார். மிளகு என் மூக்குக்குக் கீழே, அவருடைய உள்ளங்கையில் நசுங்கிக் கிடந்தது. என் விரலில் ஒன்றுமே இல்லை.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ரத்தம் இன்னும் பேசக் கத்துக்கலீங்க. அது கத்துக்கற வரைக்கும் நீங்கதான் வாயத் தொறக்கோணும். இப்படியே மறைச்சா காலும் மரத்துரும். அப்புறம் மரந்தான் உங்க மேல ஏறோணும்."

கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனார். மருந்தைக் குறைத்தார்கள். நோயும் போனது, விரல்களில் உணர்ச்சியும் மெல்ல மெல்லப் பெரும்பாலும் திரும்பியது. அடுத்த பருவத்தில் நாலு ஆள் பறிப்பதை ஒருவனாகப் பறித்தேன். முதல் படி மிளகைப் பாயிடம் கொண்டுபோனேன். ஒன்றை வாயில் போட்டுக் கடித்தவர், "இது மூக்கால பறிச்சதா, கையால பறிச்சதாங்க?" என்றார். பரிசோதனைக்கூடமே குலுங்கிச் சிரித்தது. ஒரு ஜன்னல் கண்ணாடிகூட விரிசல் விட்டது.

அவர் நினைவாக என்னிடம் இருப்பது ஒன்று. எந்த மருத்துவர் கேட்டாலும், இடது சுண்டுவிரலும் இரண்டு கால்விரல்களும் இன்னும் மரத்தேதான் இருக்கின்றன என்று சொல்லிவிடுகிறேன். கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. என் வாயிலிருந்து அப்படி வருகிற பேச்சு அது ஒன்றுதான். அது பாய் கொடுத்தது.