இரண்டாவது கார்ட்

எட்டு வருடமாக மெல்பேர்னில் எங்கள் கோயில் தேர்த் திருவிழாவை என் டேப் கமராவில் நான்தான் எடுத்தேன். 2012இல் எங்கள் புறநகரான கிரான்பர்னுக்குப் புதிதாக வந்த சுதன், மெமரி கார்டில் பதியும் எச்.டி. கமராவோடு வந்தான். கோயில்காரர் அவனிடம் வேலையைக் கொடுத்துவிட்டு, "அண்ணை, இந்தமுறை நீங்கள் சாமி காவுங்கோ" என்றார்கள். முருகனைத் தோளில் சுமந்தபடி அந்தக் கமராவையே பார்த்துப் பொருமினேன்.

அன்னதானத்தின்போது சுதன் கமராவைக் கதிரையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனான். கார்ட் போடும் மூடியைத் திறந்தேன். இரண்டு கார்ட் இருந்தன. பாதித் திருவிழாவாவது போகட்டும் என்று ஒன்றை உருவி வேட்டி மடிப்பில் சொருகினேன்.

திரும்பி வந்து கமராவைத் திறந்து பார்த்தவன் முகம் வாடியது. "ஒரு கார்ட்டைக் காணேல்லை அண்ணை."

"அப்ப பாதி போச்சோ?" என்றேன், ஒன்றும் அறியாதவன் போல.

"இல்லை, ரெண்டிலயும் ஒரே நேரத்தில முழுசாப் பதியும். கோயிலுக்கு ஒண்டு கிடக்கு. காணாமல் போனது உங்களுக்கெண்டு போட்டது. கமராவுக்குப் பின்னால நிண்டு நிண்டு நீங்கள் ஒரு படத்திலயும் இல்லையெண்டு அண்ணி சொன்னவா."

மடியிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தேன். கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "சாப்பிடுவம், வாங்கோ" என்று மட்டும் சொன்னான்.

அந்தப் படத்தை வீட்டில் எல்லோரும் ஆசையாகப் பார்க்கிறார்கள். படம் அவ்வளவு துலக்கம். அதில் சாமி காவும் என் முகத்தில் பக்தி இல்லை, பொறாமைதான் இருக்கிறது. அது முருகனுக்கும் சுதனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.