சர்க்கார் ஆனைக்கு அடியில்

போன வாரம் பெரியப்பா வந்திருந்தார். பென்ஷன் வாங்கத் தொடங்கி வெகுகாலமாகியும் காட்டிலாகா குமாஸ்தாவின் மிடுக்கு அவரைவிட்டு இறங்கவில்லை. காப்பியைக் குடித்துக்கொண்டே, என் முந்தானையைப் பிடித்து நின்ற மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

“மலையில கொம்பனானை ஒண்ணு குழியில விழுந்து கிடக்காம். பயலைக் கொண்டு காட்டீட்டு வாறேன். எலே, உங்க அம்மைக்குப் பேடியை மாத்தினது நானாக்கும்.”

“வேண்டாம்” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அவர் தம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். பெரியவரை அவமதித்துவிட்டேன் என்று வீட்டில் இன்னும் முணுமுணுப்பு. முணுமுணுக்கட்டும். அவர் போக்கியதாகச் சொல்லிச் சிரிக்கும் அந்தப் பேடி, அதாவது என் பயம், என்னவாயிற்று என்று ஒருநாளாவது அவர் என்னிடம் கேட்டதுண்டா?

எனக்கு அப்போது ஆறேழு வயது. தவளை, இடி, பூசாரியின் தாடி, எதைக் கண்டாலும் அலறுவேன். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. யானையின் வயிற்றுக்கு அடியில் இந்தப் பக்கமிருந்து ஒருவர் பிள்ளையை நுழைக்க, அந்தப் பக்கம் பெற்றவள் வாங்கிக்கொள்ள வேண்டும். இப்படி மூன்று வட்டம் நுழைந்து வந்தால் பயம் ஓடிவிடும். இதற்கென்றே கோயில் யானைகள் இருந்தன. பழகிச் சலித்து, பிள்ளைகளை ஈயாகக்கூட மதிக்காமல் நிற்பவை. பக்கத்து நெய்யாற்றின்கரைக் கோயிலிலேயே காரியம் முடிந்திருக்கும். பெரியப்பாவின் கௌரவத்துக்கு அது போதவில்லை. நெய்யாறு பிறக்கும் மலைக்காட்டில் சர்க்கார் வெட்டிய குழியில் ஒரு கொம்பன் விழுந்திருந்தது. அதை மேலே இழுக்கப் பழக்கிய யானை ஒன்றும் போயிருந்தது. மலை பார்த்த மாதிரியும் ஆகும், வைத்தியம் செய்த மாதிரியும் ஆகும் என்று சொல்லி வண்டி கட்டிவிட்டார்.

எங்கள் ஊர் கொல்லயிலில் இருந்து புறப்பட்டு, வழியில் தங்கி, வண்டி போகாத இடத்தில் இறங்கி நடந்தோம். அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பாறைகளின்மேல் மேகம் ஈரத்துணிபோல ஒட்டிக் கிடந்தது. பூனையளவு அணில் ஒன்று மரம்விட்டு மரம் பாய்ந்தது. காலில் ஏறிய அட்டைகளை அப்பா சுண்ணாம்பு தொட்டு உதிர்த்தார். பெரியப்பா எல்லாவற்றையும் தமது சொந்தத் தோட்டம்போலக் காட்டிக்கொண்டு வந்தார். “அந்தா நிக்கது அகத்தியர்மலை. கும்பிட்டுக்கோ மக்கா.”

அம்மா கட்டுச்சோற்றுடன் வெகுதூரம் பின்னால் வந்தாள். எங்கள் வீட்டில் பெண்கள் கணவனின் அண்ணன் முன்னால் நிற்பதுமில்லை, பேசுவதுமில்லை.

குழிக்குள் சேறு பூசிய ஒரு முதுகு தெரிந்தது. தும்பிக்கை மட்டும் வெளியே வந்து மண்ணைத் துழாவியது. சற்றுத் தள்ளி, பழக்கிய யானை சங்கிலியோடு நின்றது. அப்பா மெல்லச் சொன்னார்: “அண்ணா, நம்ம கோயிலானை போதாதா?”

“இது சர்க்கார் ஆனையாக்கும்டே. சர்க்கார் ஆளைக் கண்டா அதுக்குத் தெரியும்.”

அம்மாவை அழைத்து அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். என்னை நுழைத்துவிட இந்தப் பக்கம் பெரியப்பா நின்றார். நடுவே ஒரு யானை நின்றதால் மரியாதைக்கும் குறைவில்லை.

இரண்டு வட்டம் ஆயிற்று. மூன்றாவது முறை நான் வயிற்றுக்கு அடியில் போனபோது குழிக்குள் கிடந்த கொம்பன் பிளிறியது. என் தலைக்குமேல் இருந்த வயிறு திரும்பியது. சங்கிலி இழுபட்டது. தூண்போல நின்ற கால்கள் நடக்கத் தொடங்கின. பெரியப்பாவின் கைக்காகத் திரும்பிப் பார்த்தேன். கை இல்லை. அவர் தோளில் போட்டிருந்த மேல்முண்டு மட்டும் தரையில் கிடந்தது. அவர் பாறைக்குப் பின்னால் போயிருந்தார். தம் அண்ணன் எங்கேயோ அங்கே அப்பாவும்.

யாரோ என் முடியைப் பிடித்துச் சேற்றில் இழுத்தார்கள். வெளிச்சம் வந்தபோது அம்மாவின் முகம் என் முகத்துக்கு நேரே, தரையோடு தரையாக இருந்தது. ஆனைக்காரன் சத்தம் போட்டு யானையை நிறுத்தினான். அம்மா எழுந்தாள், என்னைத் தூக்கி நிறுத்தினாள், கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

பெரியப்பா மேல்முண்டை உதறிக்கொண்டு வந்தார். “பாத்தியளா? பிள்ளை ஒரு சத்தம் போடல்லியே. பேடி போச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். என் வாய் நிறையச் சேறு, அவ்வளவுதான். பழைய பயங்களில் ஒன்றும் குறையவில்லை, அவற்றோடு யானையும் சேர்ந்தது. அதைத்தான் அவர் இத்தனை வருஷமாகக் கல்யாண வீடுகளில் என் தைரியமென்று சொல்லிவருகிறார், மேல்முண்டை மட்டும் விட்டுவிட்டு.

அன்று என் ஆத்திரமெல்லாம் அந்த அறையின்மேல்தான். மிரண்டது யானை, ஓடியது பெரியப்பா, அடி எனக்கா? யோசித்து ஒரு காரணம் கண்டுபிடித்தேன். நான் உடுத்தியிருந்தது பாலராமபுரத்துத் தறியில் நெய்த புதுப் பாவாடை. அதைச் சேறாக்கிவிட்டேன். நினைத்தது போலவே அம்மா என்னை ஓடைக்கு இழுத்துப்போனாள், பாவாடையை அவிழ்த்து அலசத் தொடங்கினாள். சேறு போன பிறகும் அலசிக்கொண்டே இருந்தாள். அவள் கைகள் நடுங்கின. துணி நழுவி நழுவிப் போயிற்று. மலைத் தண்ணீர் அவ்வளவு குளிர் போலும் என்று நானும் கையை விட்டுப் பார்த்தேன். வெயில் பட்டு வெதுவெதுப்பாக இருந்தது.

ஒரு பாவாடைக்காகவா இவ்வளவு நடுக்கம் என்று எனக்கு அம்மாமீது இன்னும் கோபம் வந்தது.