அக்கா தமக்கென ஏற்பாடு செய்து வைத்த வண்டி

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அன்று வந்து துயரில் பங்குகொண்ட உங்களுக்கு அவருடைய வாழ்வைப் பற்றிச் சிறிது சொல்வது தம்பியாகிய என் கடமை.

அக்கா பிறந்தது நாகர்கோவிலை அடுத்த கோட்டாற்றில். அப்பா அங்கே பாத்திரக்கடை வைத்திருந்தார். மணமாகித் திருவனந்தபுரத்தில் கரமனைக்கு வந்த அக்கா, காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தார். பிள்ளைகள் இல்லை. எதையும் கேட்டு அறியாமல் விடமாட்டார். லிஃப்ட் பழுதுபார்க்க வருபவரும் பல் டாக்டரும் அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர முடியும்.

அத்தான் வெளியூர் போன இடத்தில் திடீரென்று காலமானபோது, அக்காவை அழக்கூட விடாமல் ஆளாளுக்குக் கேட்டார்கள். வண்டிக்கு யாரிடம் சொல்வது? எந்த மயானம்? சடங்கை யார் செய்வது? எல்லாரையும் கேள்வி கேட்கும் அக்கா அன்று ஒவ்வொன்றுக்கும் பதில் தேடி அண்டை வீடுகளுக்கு அலைந்தார்.

எழுபது வயது கடந்த பிறகு ஒருநாள், இறுதிச் சடங்கு ஏற்பாடுகள் செய்து தரும் அலுவலகம் ஒன்றுக்கு அவரே போயிருக்கிறார். அங்கிருந்த மேலாளர் எழுந்து நின்று, தாழ்ந்த குரலில், “மரிச்சது ஆரு அம்மா?” என்றாராம்.

“இன்னும் மரிக்கலை. நான்தான் ஆளு.”

மேலாளர் உட்கார்ந்துவிட்டார். அக்கா விடவில்லை. கரண்ட் போனால் குளிர்பெட்டி என்ன ஆகும் என்று கேட்டு, ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டச் சொன்னார். பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்து, “நல்ல குளிருதான். ஜலதோஷம் பிடிக்கும்” என்றார். வண்டி, பெட்டி, பூ, மயானப் பதிவு எல்லாவற்றுக்கும் அன்றே முழுப் பணத்தையும் கட்டிவிட்டார்.

இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நான் ஒருத்தன் இருக்கேன்லா அக்கா? ஊர்ல என்ன சொல்லுவாங்க?”

“ஊருக்கு நீ எதுக்குப் பயப்படுதே? அத்தானுக்கு நான் பட்ட பாடு நீ படக்கூடாதுன்னுதான்.”

அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் தம்பி நான் செய்ய வேண்டிய கடைசிக் காரியத்தை முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டாரே என்ற வருத்தம் எனக்கும் என் மனைவிக்கும் நெடுநாள் இருந்தது.

பிறகு அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பக்கத்துக் கட்டிலில் போனக்காட்டு மலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு அம்மா இருந்தார். துணைக்கு மகள் மட்டும். கொழுந்து எப்படிக் கிள்ளுவது, மழை நாளில் அட்டை கடித்தால் என்ன செய்வது என்று அக்கா அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு காலையில் அந்த அம்மா இறந்துபோனார்.

மகள் அக்காவின் கட்டிலருகே வந்து நின்று அழுதாள். “மேல தோட்டத்துல எங்க லயத்து வீட்டுக்குக் கொண்டுபோகணும்மா. அப்பாவைப் புதைச்ச இடத்துக்குப் பக்கத்துல வைக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்திச்சு. மலைன்னா ஒரு வண்டியும் வரமாட்டேங்குது.”

அக்காவின் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. அக்கா என் செல்போனை வாங்கி மேலாளரை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டார்.

“எனக்க வண்டியை இப்போ அனுப்பணும்.”

“அய்யோ! அம்மாவுக்கு என்ன ஆச்சு?”

“எனக்கு ஒண்ணும் இல்லை. வேற ஒரு ஆளு போறாங்க. போனக்காட்டுக்கு.”

“ஆளு மாத்த வழியில்லை அம்மா. ஜீவனோட இருக்கிற உங்க பேரில்தானே பதிவு?”

“அதுதான் தப்பு. செத்தவங்க பேரு எழுதவேண்டிய இடத்துல செத்தவங்க பேரை எழுது.”

மறுமுனையில் பதிவேட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “செரி அம்மா. மலை ஏறுற வண்டியா விடுறேன்” என்றார்.

மறுநாள் ஓட்டுநரை வார்டுக்கே வரவழைத்து அக்கா எல்லாவற்றையும் கேட்டார். கடைசி வளைவில் வண்டி நின்றுவிட்டதாம். லயத்து ஆட்கள் இறங்கி வந்து தோளில் தூக்கிப்போனார்களாம். “மழை உண்டா? குழி முன்னாலேயே வெட்டியிருந்தாங்களா?” எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் அக்கா தலையணையில் சாய்ந்தார்.

“உனக்குன்னு வச்சதைக் குடுத்தாச்சு. இனி?” என்றேன்.

“இனி உனக்க பாடு தம்பி.”

அப்படி அவர் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட நிறைவை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வீடு திரும்பிய பின் மேலாளர் இருமுறை அழைத்துப் புதிதாகப் பதிவு செய்யலாம் என்றார். அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

கடைசி வாரத்தில், எப்படிச் செய்ய வேண்டும் என்று நானே கேட்டேன். “உங்க இஷ்டம். ஒரே சங்கடம்தான் கேட்டியா? நீங்க எப்படிச் செய்தீங்கன்னு எனக்கு அறிய முடியாதுல்லா.”

ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன். என் மனைவி அக்காவுக்கு மயில்நீலப் பட்டுப்புடவை உடுத்திவிட்டாள். எதிர்வீட்டு மலையாளக் குடும்பத்தார் வந்தவர்களுக்கெல்லாம் பால் சேர்க்காத கட்டன்சாயா கொடுத்தார்கள். வண்டியில் நான் அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து போனேன். லேசான தூறல், நனையவில்லை. மின்மயானத்தில் இருந்த ஊழியர் அக்காவின் முகத்தைப் பார்த்ததும், “இந்த அம்மா ஒருநாள் வந்து உள்ளே எல்லாம் சுற்றிப் பார்த்துட்டுப் போன ஆளல்லே?” என்றார். எனக்கு அது அதுவரை தெரியாது. கொள்ளியை நான்தான் வைத்தேன். அந்த ஊழியர் என் முழங்கையைத் தாங்கிக்கொண்டார்.

அவருக்கும், அக்காவைப் பரிவோடு கவனித்த செவிலியர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் பார்க்கத் தவறியதை உங்களில் யாரேனும் பார்த்திருந்தால், தயவுசெய்து வந்து சொல்லுங்கள். அக்காவின் படத்துக்கு முன்னால் அமர்ந்தே சொல்லலாம்.