ஐந்து துளைகளும் இரண்டு கந்தசஷ்டியும்

என் இரைப்பையில் முக்கால் பங்கைக் கொழும்பில் வெட்டி எடுத்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரு கதலி வாழைப்பழத்தின் அளவுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான இணுவிலில் இது இரண்டு பேருக்குத் தெரியும்: எனக்கும் அம்மாவுக்கும். லண்டனில் இருக்கும் அண்ணைக்கும் தெரியும், ஆனால் அவர் ஊர்ப்பேச்சுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறார். மற்றபடி ஊர் முழுக்க நான் கந்தசஷ்டி விரதத்தால் மெலிந்தவள் என்று நம்புகிறது. கோயில் வீதியில் என்னைக் கண்டு கைகூப்பியவர்கள்கூட உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவதற்கெல்லாம் அம்மாவைச் சாட்டித் தப்பிவிடுவேன்.

வெட்டுவதற்கு முன் என் எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. நான் வேலை செய்யும் கந்தோரில் எனக்கென்று கைப்பிடி இல்லாத கதிரை ஒன்று இருந்தது. மினி பஸ்ஸில் ஏறினால் நடத்துனர், "அக்கா, நடுவிலை நில்லுங்கோ, பஸ் சரிஞ்சிடும்" என்பான். பஸ் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் தடிச்சி என்ற பட்டத்தோடு உம்மணாமூஞ்சி என்ற பட்டமும் சேர்ந்துவிடும்.

எனக்கு ஒரு துணை இருந்தாள். இரண்டு வீடு தள்ளி இருந்த தையல்காரி, பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி, என்னைவிட ஆறேழு கிலோ கூட. கணவன் இளவயதிலேயே செத்துப்போக, தையல் மெஷினை மிதித்து மிதித்தே ஒரே மகளை வளர்த்தவள். அவளுக்குச் சலரோகம் என்னும் நீரிழிவும் இருந்தது, காலையும் மாலையும் மருந்துக் குளிசை. எங்கள் ஊர் தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பேர்போனது. நாங்கள் இருவரும் விடிய நடக்கப் போனால், மதிலில் குந்தியிருக்கும் இளசுகள், இரட்டைத் தவில் கச்சேரியைச் சொல்வதுபோல், "தவில் சமா வருகுது" என்பார்கள். அவள் நின்று திரும்பிப் பார்ப்பாள். "வந்து அடிச்சுப் பாரன். தோல் கிழியுதோ உன்ரை கை கிழியுதோ எண்டு பாப்பம்" என்பாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டு பேருக்குமான துணிச்சலை அவள்தான் வைத்திருந்தாள்.

முழங்கால் இரண்டும் போய்விட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகு, எடை குறைக்கும் சத்திரசிகிச்சைக்கு அண்ணை கொழும்பில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒழுங்கு செய்தார். ஊருக்கு, கந்தோர்ப் பயிற்சி என்று சொன்னோம். சிநேகிதிக்கும் அதையே சொன்னேன். பயிற்சிக்குப் போட என்று அவள் இரண்டு தொளதொளத்த சட்டைகள் தைத்துத் தந்தாள். அந்தச் சட்டையோடுதான் சத்திரசிகிச்சை வைத்தியரின் முன்னால் போய் இருந்தேன்.

"சலரோகம் இருக்கா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். "இருக்கிறவங்களுக்கு இது இன்னும் நல்லது. நிறையப் பேருக்குக் குளிசையே குறைஞ்சு போகும்" என்றார். அவளுடைய முகம் மனதில் வந்தது. ஊருக்குப் போனதும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்பை நான் கொழும்பிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

வயிற்றில் ஐந்து துளைகள் போட்டுத்தான் எல்லாவற்றையும் செய்தார்கள். மயக்கம் தெளிந்தபோது வயிறு அவ்வளவாக நோகவில்லை, தோள்மூட்டுதான் நொந்தது. உள்ளே ஏற்றிய வாயு அங்கே போய் நிற்குமாம். அடுத்த நாள் மருந்து ஊற்றும் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் தந்தார்கள். அதைக் குடித்து முடிக்க அரை மணித்தியாலம். கொஞ்சம் அவசரப்பட்டாலும் நெஞ்சுக்குள் கல் விழுந்த மாதிரி நின்றது. "மெள்ள, மெள்ள" என்று சிங்களத் தாதி தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். நாற்பது வருடம் மூன்று நேரமும் கொட்டித் தின்ற வாய், ஒரு மிடறு தண்ணீருக்காக அழுதது. உடம்பைப் பார்த்து எனக்கு அன்று வந்தது இரக்கம் இல்லை. நல்லாய் வேண்டிக்கட்டு, உனக்கு இது வேணும் என்றுதான் நினைத்தேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கிழமை, ஏழு நாள், தங்கிவிட்டு வாடகை வான் பிடித்து வீடு வந்து சேர்ந்த நாள், கந்தசஷ்டியின் முதல் நாள். இரண்டு கிழமைக்குத் தண்ணீர் ஆகாரம் மட்டும்தான் என்று ஆஸ்பத்திரியில் எழுதித் தந்திருந்தார்கள். வான் சத்தம் கேட்டதும் சிநேகிதி இடியப்பமும் சொதியும் கொண்டு வந்துவிட்டாள். பின்னால் இன்னும் இரண்டு அயலட்டைப் பெண்கள். பாத்திரத்தைத் திறந்ததும் எனக்குக் குமட்டியது. அம்மா ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை.

"பிள்ளை இந்த முறை கந்தசட்டி பிடிக்கிறாள். தண்ணியும் இளநீரும்தான். கொழும்பிலை நேர்ந்துகொண்டு வந்தவள்."

அவர்கள் போன பிறகு என்னிடம் சொன்னார்: "வயித்தை வெட்டினது எண்டு வெளியிலை மூச்சு விடாதை. வாயைக் கட்டத் தெரியாதவள் வயித்தை வெட்டிப்போட்டு வந்திருக்கிறாள் எண்டு சாகுமட்டும் சொல்லிச் சிரிப்பினம்."

அம்மா சொன்னதில் பிழை இல்லை. எங்கள் ஊர் அப்படித்தான் சிரிக்கும். ஆனால் ஆறு நாளில் முடிய வேண்டிய பொய்யை ஒரு வருடம் இழுத்தோம். சூரன்போர் முடிந்து எல்லோரும் பாறணை செய்து சோறு தின்ன, நான் பயற்றந்தண்ணீர் குடித்தேன். பிறகு செவ்வாய், வெள்ளி, மாதச் சஷ்டி, கார்த்திகை என்று அம்மா எனக்கு விரதங்களை அடுக்கினார். மயிர் கொத்துக் கொத்தாய்க் கொட்டியபோது விரதச் சூடு என்றார். பாண் ரொட்டியின் கரை தொண்டையில் இறுகி நான் கிணற்றடியில் ஓங்காளித்துச் சத்தியெடுத்ததை மதிலுக்கு மேலால் பார்த்தவளிடம், பித்தம் இறங்குகிறது என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் வீட்டில் மறைந்துவிட்டது.

ஒரு வருடத்தில் நாற்பத்தாறு கிலோ போயிற்று. மாதா மாதம் என் சட்டைகளைப் பிடித்துத் தந்தவள் சிநேகிதிதான். அளவு நாடாவை என் இடுப்பில் சுற்றிவிட்டு, மிச்சம் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். "எடி, இனி உன்னைத் தேடிப் பிடிச்செல்லோ அளக்கவேணும்" என்பாள். ஒருநாள் சட்டையை உயர்த்தியபோது வயிற்றில் இருந்த தழும்புகளைக் கண்டுவிட்டாள்.

"உதென்னடி?"

"எண்ணெய் தெறிச்சது."

"ஐஞ்சு இடத்திலையோ?"

"ஓம்."

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. நான் அவளுக்குப் பொய் சொல்வேன் என்ற எண்ணமே அவளுக்கு வராது. அந்த அறையில் எங்கள் இருவரையும் தவிர யாரும் இருக்கவில்லை. அம்மாகூட இல்லை. சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், வாழ்க்கையில் முதல்முறையாக நான் அவளைவிட ஒரு படி மேலே நின்றேன். ஒருத்தி மெலிந்தால் பக்கத்தில் நிற்பவளின் பருமன் இன்னும் கூடித் தெரியும். காலை நடையில் ஒருநாள் மதிலில் இருந்தவன், "ஒற்றைத் தவில் வருகுது" என்றான். அன்றைக்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. வெட்கம் கெட்ட சந்தோசம், ஆனால் சந்தோசம்தான்.

அடுத்த கந்தசஷ்டிக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவள் வீட்டுக்கு வந்தாள். "நானும் பிடிக்கப்போறன். உன்னை மாதிரித் தண்ணியோடை. குளிசைதான் யோசினையாக் கிடக்கு. விடுறதோ, போடுறதோ?"

"கிளினிக்கிலை கேளன்" என்றேன்.

"அங்கை கேட்டால் விரதமே பிடிக்காதை எண்டு ஏசுவினம். நீ சொல்லு. நீதானே பிடிச்சுக் கண்டவள்."

நான் யோசித்தேன். நோயாளி மருந்தை நிற்பாட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் எனக்கும் அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். என் விற்றமின் குளிசைகளை அலுமாரிக்குள் ஒளித்து வைத்து ஒருநாளும் தவறாமல் விழுங்குகிறவள் நான். ஆகவே பெரிய அறிவாளி மாதிரிச் சொன்னேன்: "குளிசை சாப்பாடில்லைத்தானே. அதாலை விரதம் முறியாது. விடாமல் போடு."

எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். எது விரதத்தை முறிக்கும், எது முறிக்காது என்பதில் எங்களுக்கு எவ்வளவோ தெளிவு. சீனியை இறக்கும் குளிசை வெறும் வயிற்றில் போனால் என்ன செய்யும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அந்த வருடமும் நான் தண்ணீர் விரதம் என்று ஊர் நம்பியது. அம்மா குசினி யன்னலைச் சாத்திவிட்டு எனக்கு முட்டை அவித்துத் தருவார், புரதம் குறையக் கூடாதாம். முட்டைக் கோதுகளை வாழையடியில் புதைத்துவிடுவார். நான் வாயைக் கழுவி, திருநீறு பூசி, கோயிலுக்குப் போவேன்.

நாலாம் நாள் பின்னேரம் பூசை முடிந்து கோயில் வீதியில் இருந்தோம். சுற்றிவர நாலைந்து பெண்கள். சிநேகிதியின் முகம் வெளிறி, கழுத்தெல்லாம் வேர்த்து ஊற்றியது. மடியில் கிடந்த கையை எடுத்து எனக்குக் காட்டினாள். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன.

"எடி, உனக்கும் உப்பிடி நடுங்கினதோ? கண்ணும் மங்குது."

பெண்கள் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்குப் போய் ஏதாவது சாப்பிடு என்று சொல்லியிருக்கலாம். எந்த விரதத்திலும் நாலாம் நாளைக் கண்டவள் அல்ல நான். அன்று காலைதான் முட்டை தின்றுவிட்டு வந்திருந்தேன்.

"ஓம்" என்றேன். "நாலாம் நாள் உப்பிடித்தான். முருகன் சோதிக்கிறது. அதைத் தாண்டினால் பிறகு ஒண்டும் தெரியாது."

பெண்கள் தலையை ஆட்டினார்கள். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து எழும்பிப் போனாள்.

ஐந்தாம் நாள் விடிய மகள் எழுப்பியபோது அவள் எழும்பவில்லை. ஓட்டோவில் ஏற்ற நானும்தான் கைகொடுத்தேன். பெரியாஸ்பத்திரியில் இரத்தத்தில் சீனியைப் பார்த்த வைத்தியர் கத்தினார்: "நாலு நாள் சாப்பாடில்லாமல் சீனிக் குளிசை போடலாமோ? ஆர் சொன்னது?" மகள் அழுதாள். நான் சுவரில் ஒட்டியிருந்த டெங்கு அறிவித்தலை மேலிருந்து கீழாக வாசித்தேன். மூளைக்குப் போகவேண்டிய சீனி நெடுநேரம் போகவில்லை என்று பிறகு சொன்னார்கள். பாறணை நாள் காலையில் அவள் செத்தாள்.

செத்த வீட்டில் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "விரதம் எண்டால் சுத்தமா இருக்கவேணும். இல்லாட்டி முருகன் விடான்" என்றாள் ஒருத்தி. "உவளைப் பார், இரண்டு வருசம் பிடிச்சவள், என்ன மாதிரி இருக்கிறாள்" என்று என்னைக் காட்டினாள் இன்னொருத்தி. நான் அங்கே குனிந்த தலையோடு இருந்தேன். அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் செத்த எட்டாம் நாள், அவளுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். மீன்குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், பயற்றம்பணியாரம், வாழையிலை நிறையச் சோறு. அம்மாவும் குசினியில் நின்று உதவினார். மகள் என்னைத் தாயின் தையல் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பத்தொன்பது வயது, பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவள். அழுது அழுது கண்மடல் வீங்கியிருந்தது.

"அன்ரி, டொக்டர் சீனி இறங்கினது எண்டு சொல்லுறார். ஆனா அம்மா நீங்கள் சொன்ன மாதிரித்தானே எல்லாம் செய்தவா. உங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை. அம்மா எதிலை பிழை விட்டவா?"

சொல்ல வேண்டியது இவ்வளவுதான். நான் விரதமே பிடிக்கவில்லை, பிள்ளை. நான் வெட்டிக்கொண்டு வந்தவள். இரண்டே வசனம். குசினியில் அம்மா யாரிடமோ உப்புக் கேட்கும் சத்தம் கேட்டது. நான் மெஷினின் மேல் கிடந்த அளவு நாடாவைச் சுருட்டி வைத்தேன்.

மகளே தொடர்ந்தாள். குரல் நன்றாகத் தாழ்ந்துவிட்டது. "நாலாம் நாள் கோயிலாலை வந்து, நடுக்கம் தாங்கேலாமல் ஒரு பிஸ்கட் சாப்பிட்டவா அன்ரி. இரண்டாவதைத் தொடேல்லை. விரதம் முறிஞ்சு போச்செண்டு அழுதழுது வாயைக் கொப்புளிச்சவா. முருகன் அதுக்குத்தான் கோவிச்சவரோ?"

சிநேகிதியைக் காப்பாற்றியிருக்கக் கூடியது அந்த பிஸ்கட் ஒன்றுதான். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவள் தின்றிருந்தால் இன்றைக்கு அந்த மெஷினில் இருந்து தைத்துக்கொண்டிருப்பாள். அதை அந்த இடத்திலேயே நான் விளங்கிக்கொண்டேன். விளங்கிக்கொண்டுதான் சொன்னேன்.

"அதாலையாயும் இருக்கும், பிள்ளை."

"அந்த பிஸ்கட்டை நான்தான் எடுத்துக் குடுத்தனான்" என்றாள் மகள்.

அப்போதும் நான் அவளிடம் உண்மையைச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.